ஓட்டு உண்டு, டிக்கெட் செலவு உங்களோடது

ஊரில் தேர்தல் வந்தால் போதும், வெளிநாட்டில் நம்மாட்கள் நாலு பேர் கூடுற இடத்தில் இந்தப் பேச்சு வந்துடும். "நமக்கெல்லாம் ஓட்டே கிடையாதுப்பா" என்பார் ஒருத்தர். "இல்லீங்க, இப்ப ஆன்லைன்லயே போடலாமாம்" என்பார் இன்னொருத்தர். ரெண்டு பேர் சொல்றதும் தப்பு. தீசிஸ் எழுத வேண்டிய நேரத்தில் இந்தக் கதையைத் தோண்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன் :-) அதுதான் இந்தப் பதிவு.

எல்லாம் 1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் ஆரம்பிக்குது. ஒரு தொகுதியின் பட்டியலில் பெயர் இருக்கணும்னா, அங்கே 'சாதாரணமாக வசிப்பவராக' இருக்கணும். சொந்த வீடு இருக்குங்கிறது மட்டும் போதாது. தற்காலிகமா வெளியே போனவர், போன காரணத்துக்காகவே உரிமையை இழக்க மாட்டார்னும் அதே பிரிவில் வருது. சரி, எத்தனை மாசம் வரைக்கும் தற்காலிகம்? அதைச் சட்டம் சொல்லலை. பாதிப் பிரச்சினை இங்கேதான்.

சிலருக்கு மட்டும் சலுகை. ராணுவத்தில் இருப்பவர்கள், வெளிநாட்டில் இந்திய அரசு வேலையில் இருப்பவர்கள் எல்லாம் சொந்த ஊரிலேயே வசிப்பதாகக் கணக்கு. தபால் ஓட்டும் உண்டு. கூடவே இருக்கும் மனைவிக்கும் உண்டு. பெண் அதிகாரியின் கணவருக்கு? கிடையாது! 'மனைவி' என்ற சொல்லை 'வாழ்க்கைத்துணை' என்று மாற்ற 2021 வரை ஆச்சு. ஆக, தூதரக அதிகாரி அங்கிருந்தே ஓட்டுப் போடலாம். அதே தூதரகத்தில் பாஸ்போர்ட் புதுப்பிக்க வரிசையில் நிற்கும் கட்டடத் தொழிலாளிக்கு ஒண்ணும் கிடையாது. வளைகுடாவிலிருந்து வந்த பணத்தில் கேரளத்திலும் நம்ம பக்கத்திலும் ஊர் ஊராக வீடு எழும்பின காலத்திலும் இதே நிலைதான்.

2006-ல் மாநிலங்களவைக்கு ஒரு மசோதா வந்தது. நடந்தது ஒண்ணுமில்லை. கடைசியில் 2010-ல் திருத்தம் நிறைவேறி, 2011 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. 20ஏ என்று புதுப் பிரிவு. வேலை, படிப்பு, வேறு எந்தக் காரணத்துக்காக வெளிநாட்டில் இருந்தாலும், வேற நாட்டுக் குடியுரிமை வாங்காதவரை, பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரியை வைத்துப் பட்டியலில் சேரலாம். படிவம் 6ஏ. 'படிப்பு'ன்னு பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த வரியில் காத்து போச்சு. ஓட்டுப் போட அசல் பாஸ்போர்ட்டோட உங்க ஊர் வாக்குச்சாவடிக்கு நேரில் வரணுமாம்!

இதுக்கு எத்தனை பேர் வருவாங்க? 2019 மக்களவைத் தேர்தலில் பதிவு செய்திருந்தவர்கள் சுமார் 1 லட்சம் பேர். வந்து போட்டவர்கள் 25 ஆயிரத்துச் சொச்சம், அத்தனை பேரும் கிட்டத்தட்ட கேரளத்துக்காரர்கள். தேர்தலுக்காகவே கூட்டமாக டிக்கெட் போட்டு 'வோட்டு விமானம்'னு பேர் வைத்துப் பறந்து வர்றாங்க, சேட்டன்மார். 2024-ல் பதிவானவர்கள் 1,19,374 பேர். போட்டது 2,958. அதில் கேரளம் மட்டும் 2,670. மிச்ச இந்தியா முழுக்கச் சேர்த்து 288 பேர். ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரே பந்தியில் உட்கார வெச்சுடலாம்.

நீதிமன்றத்துக்கும் போனாங்க. அபுதாபியில் இருக்கும் மருத்துவர் ஷம்ஷீர் வயலில் உள்ளிட்டவர்களின் மனுக்கள் உச்ச நீதிமன்றத்தில் நடந்தன. அதன் தொடர்ச்சியாக, நமக்குப் பதிலாக ஊரில் ஒருத்தர் ஓட்டுப் போடலாம் என்ற மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் எடுக்கவேயில்லை, 2019-ல் அவை கலைந்ததும் காலாவதி. நல்லதுதான்னு நினைக்கிறேன். என் ஓட்டை அப்பா போட்டால் அது அப்பாவுக்கு ரெண்டு ஓட்டு, அவ்வளவுதான் (எங்க வீட்டு அரசியல் அப்படி). மின்னஞ்சலில் வாக்குச்சீட்டு அனுப்பி, அச்செடுத்துத் தபாலில் திருப்பி அனுப்பும் முறை 2016-லிருந்து ராணுவத்தினருக்கு இருக்கு. அதை நமக்கும் தரலாம்னு 2020-ல் தேர்தல் ஆணையமே சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது.

பிலிப்பைன்ஸ்காரர்களும் நம்மைப் போல ஊரை விட்டு உழைக்கப் போனவர்கள்தான். அவர்களின் 1987 அரசியல் சாசனமே வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வழி செய்யணும்னு சொன்னது. சட்டம் வந்தது 2003-ல், முதல் ஓட்டு 2004-ல். ஆரம்பத்தில் அங்கேயும் ஒரு குசும்பு: வெளிநாட்டிலேயே நிரந்தரமாகக் குடியேறினவர்கள், மூணு வருஷத்துக்குள் ஊர் திரும்புவேன்னு எழுதிக் கொடுக்கணும். 2013-ல் அதைத் தூக்கிட்டாங்க. 2025-ல் இணையம் வழியாகவும் போட்டாங்க.

நாம? 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் பட்டியல் திருத்தம் நடந்தபோது அம்மா போன் பண்ணி, "ஃபாரம் குடுத்திருக்காங்கடா, உன்னை இங்க இருக்கேன்னு எழுதவா, இல்லைன்னு எழுதவா?"ன்னு கேட்டாங்க. படிப்பு முடிஞ்சு வர்றவன்தானேன்னு அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எதிர் வீட்டு மாமா இருபது வருஷமா ஷார்ஜாவில். அவங்க வீட்டில் இல்லைன்னு எழுதிட்டாங்க. அவரைக் கூப்பிட்டு 6ஏ பத்தி விவரமாச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "போட்டுடலாம் மாப்ள. எலெக்‌ஷனுக்கு லீவு குடுப்பாங்களான்னு கம்பெனில கேட்டுட்டுச் சொல்றேன்"னார்.