ரஜூலாவின் இயந்திரம்

தேய்ந்துபோன இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதா, மாற்றிவிடுவதா என்னும் வினா சிறு படகுக்காரனுக்கும் உண்டு; பெருங்கப்பல் நிறுவனத்துக்கும் உண்டு. மலாயாத் தமிழர் வரலாற்றில் அவ்வினா 'ரஜூலா'வோடு பிணைந்து நிற்கிறது.

பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்காக 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என வந்து சென்றது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. அதே ஆண்டில் பிறந்த சகோதரிக் கப்பல் 'ரோனா' 1943இல் மத்தியதரைக் கடலில் குண்டுக்கு இரையாயிற்று. ரஜூலாவோ போர்ப்பணி முடித்துத் தன் பழைய வழிக்கே திரும்பியது. என் தந்தையார் 1950இல், தம் பதினாறாம் வயதில், அதில் வந்தவர். தளத்தில் விரித்த பாய்க்கடியில் இரவெல்லாம் இயந்திரம் அதிர்ந்துகொண்டிருந்ததை அடிக்கடி கூறுவார்.

அதிர்ந்தது மும்மை விரிவு நீராவி இயந்திரம். கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் சிறிய உருளையிலும், அழுத்தம் குறையக் குறைய அடுத்தடுத்துப் பெரிய உருளைகளிலும் புகுந்து, விரிந்து வேலை செய்யும். இவ்வியந்திரத்தின் உறுப்புகள் யாவும் பெரியவை. கண்ணுக்கும் கைக்கும் எட்டுபவை. தாங்கியின் வெண்ணுலோகம் தேய்ந்தால் புதிதாக உருக்கி ஊற்றிக் கடைந்துகொள்ளலாம். உந்து தண்டின் வளையம் தளர்ந்தால் வேறொன்று பூட்டலாம். துறைமுகப் பட்டறைகளே இவற்றுக்குப் போதும். இயந்திரத்துக்கு முன்னரே முதுமை எய்துவது கொதிகலன்தான். அதன் குழாய்களையும் மாற்ற இயலும்.

அவ்வாறாயின் பழைய உடலில் ஒரு டீசல் இயந்திரத்தைப் பொருத்தியிருக்கலாகாதா என மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. ஆனால் நீராவிக் கப்பலில் இயந்திரம் மட்டும் நீராவியால் ஓடுவதில்லை. நீரேற்றும் பொறிகளும் சரக்குப் பொறிகளும் அதனையே நம்பியிருக்கும். ஒன்றைப் பெயர்த்தால் யாவற்றையும் பெயர்க்க நேரும். நாற்பதாண்டு உப்புநீரில் கிடந்த இரும்புடலுக்கு அத்தனை செலவு தகுமா? மறுபுறம், பழையதை அப்படியே ஓட்டினால் எரிபொருட் கணக்கு அச்சுறுத்தும். எரிபொருளின் வெப்பத்தில் எட்டில் ஒரு பங்கையேனும் அவ்வகை இயந்திரம் உழைப்பாக மாற்றினால் அது நல்ல இயந்திரம். டீசல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றும்.

1973இல் ரஜூலா இந்தியக் கப்பற் கழகத்துக்கு விற்கப்பட்டு 'ரங்கத்' எனப் பெயர் பெற்றது. மறு ஆண்டே பம்பாயில் உடைக்கப்பட்டது. கணக்கின்படி அம்முடிவு சரியே என்பது என் கருத்து. நாற்பத்தேழு ஆண்டுகள் எந்த இயந்திரத்துக்கும் நிறைவான ஆயுள்.

அதே 1973இல், பிரெஞ்சுக்காரர் 'பாஸ்டர்' என்ற பெயரில் ஓட்டிய டீசல் கப்பல் 'சிதம்பரம்' ஆகி இவ்வழிக்கு வந்தது. விரைவு மிகுந்தது. பாயின் இடத்தை அடுக்குப் படுக்கைகள் பிடித்தன. ஆயினும் 1985 பிப்ரவரி 12ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குச் செல்கையில் தீப்பற்றி, முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நான் அப்போது இடைநிலைப் பள்ளி மாணவன். நாளிதழை வீட்டில் உரக்கப் படித்தவனும் நானே. சிதம்பரம் பின்னர்ப் பயணிகளை ஏற்றவில்லை. இம்முறை பழுதுபார்த்தலும் இல்லை, மாற்றும் இல்லை, வழியே நின்றுபோயிற்று.

அவ்வாண்டு ஊர்செல்லத் தந்தையார் துணி, சோப்பு, மைலோ டின்கள் என ஒரு தகரப் பெட்டியை நிரப்பி வைத்திருந்தார். பிறகு விமானத்தில் சென்றார். எடை மிகுதி என்று பெட்டியை எங்களிடமே விட்டுச் சென்றார்.