மரண சாதனம் வந்த வரலாறு

ஒருவர் இறந்தபின் அவருடைய காணியும் பொருளும் யாரைச் சேரும் என்னும் வினா எந்நாட்டிலும் எக்காலத்திலும் எழுவதொன்று. அதற்கு விடை காணும் வழிகள் இரண்டு. ஊர் வழமை முன்னரே வகுத்த ஒழுங்கின்படி பங்கிடுதல் ஒன்று; உடையவர் தம் விருப்பத்தை உயிரோடிருக்கும்போதே எழுதிவைத்தல் மற்றொன்று. யாழ்ப்பாணத் தமிழரிடையே முதலாவது வழியே நெடுங்காலம் மேலோங்கி நின்றது. மரண சாதனம் எனப்படும் இரண்டாவது வழி சட்டத்தில் முழு வலிமை பெற்றது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயாம். இம்மாற்றம் நிகழ்ந்த விதத்தை அறிந்தோர்க்கு, இன்று மரண சாதனம் எழுதுவோர் எதில் கருத்து வைத்தல் வேண்டும் என்பதும் எளிதில் விளங்கும்.

ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். எழுதப்படாத வழமையைக் கொண்டு குடிகளின் வழக்குகளைத் தீர்ப்பது அயல்நாட்டு நீதிபதிகளுக்கு எளிதன்று. எனவே தேசாதிபதி கொர்னேலிஸ் யொவான் சைமன்ஸ் காலத்தில், யாழ்ப்பாணத்தில் நெடுநாள் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அவ்வழமைகளைத் திரட்டி, 1707ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒப்புவித்தார். அத்தொகுப்பு தமிழில் பெயர்க்கப்பெற்று, பன்னிரு முதலியார்களால் ஆராயப்பட்டு, நாட்டு வழக்கோடு பொருந்துவதென ஏற்கப்பட்டது. இதுவே தேசவழமை. பின்வந்த ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலிமை அளித்தனர்.

தேசவழமை பொருளை அது வந்த வழியைக்கொண்டு வகுத்தது. முன்னோரிடமிருந்து வந்தது முதுசம். பெண்ணுக்கு மணத்தின்போது கொடுத்தது சீதனம். கணவனும் மனைவியும் கூடி வாழுங்கால் ஈட்டியது தேடிய தேட்டம். தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் செல்வது பண்டைய முறை. போர்த்துக்கேயர் காலத்தில் இம்முறை நெகிழ்ந்ததையும், எவ்வகைப் பொருளிலிருந்தும் சீதனம் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டதையும் அத்தொகுப்பே எடுத்துக் கூறுகின்றது. வழமையும் காலத்துக்கேற்ப மாறுவதே என்பதற்கு இதுவொரு சான்று.

இத்தகைய அமைப்பில் உடையவரின் தனி விருப்பத்துக்கு இடம் குறைவு. முதுசக் காணியை வைத்திருப்பவர் அதன் தனியுரிமையாளர் என்பதிலும், முன்னோரிடம் பெற்றுப் பின்னோரிடம் கொடுக்கும் இடைநிலையாளர் என்பதே பொருத்தமாகும். மகளுக்குக் கொடுக்க வேண்டியதைச் சீதன உறுதி மூலம் மணநாளிலேயே கொடுத்துவிடுவர். எஞ்சியதை வழமை பங்கிடும். இறப்பவர் எழுதிவைக்க வேண்டிய தேவை பெரிதாக எழவில்லை.

கரையோரப் பகுதிகளில், தனி வழமைகள் இல்லாதவிடத்து றோமன் ஒல்லாந்தச் சட்டம் நிலவியது. அச்சட்டம் மரண சாதனத்தை நன்கு அறிந்ததே. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே சாதனத்தை எழுதுவதும் அதில் உண்டு. ஆயினும் அதுவும் தந்தைக்கு முழுச் சுதந்திரம் கொடுக்கவில்லை. பிள்ளைகள் நால்வரோ அதனிற் குறைவோ எனின், மரண சாதனமின்றி அவர்களுக்கு வந்திருக்கக்கூடிய பங்கில் மூன்றிலொன்றும், நால்வர்க்கு மேற்படின் பாதியும் அவர்களுக்குக் கட்டாயம் சேரவேண்டும் என்று அது விதித்தது. தக்க காரணமின்றிப் பெற்ற பிள்ளையை வெறுங்கையோடு விடுதலாகாது என்பதே அவ்விதியின் கருத்து.

இக்கட்டுப்பாட்டை நீக்கியது 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மரண சாதனம் எழுதத் தகுதியுடைய எவரும், பிள்ளைகள் இருப்பினும் இல்லாதிருப்பினும், தமக்குரிய சொத்து முழுவதையும் தாம் விரும்பியவர்க்கு எழுதிவைக்கலாம் என்றாயிற்று. ஒரே சட்டத்தால் தந்தையின் கைக்குப் பேரதிகாரம் வந்து சேர்ந்தது. நோயுற்ற பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்கவும், தம்மைப் பேணிய மருமகளுக்கு ஒரு வளவை விடவும், கோயிலுக்கோ பாடசாலைக்கோ ஒரு பங்கை ஒதுக்கவும் அதனால் இயலும். சினங்கொண்ட ஒரு பொழுதில் நல்ல மகனை நீக்கிவிடவும் அதே அதிகாரம் இடந்தரும்.

இவ்வளவு அதிகாரம் தரும் ஓர் எழுத்து பொய்யெழுத்தாக இருத்தல் கூடாது. இறந்தவர் எழுந்து வந்து சாட்சி சொல்ல மாட்டார். இதனை உணர்ந்தே, நான்காண்டுகளுக்கு முன்னர் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் மரண சாதனத்துக்குரிய வடிவத்தை வகுத்திருந்தது. சாதனம் எழுத்தில் இருத்தல் வேண்டும். அதன் முடிவில் எழுதுவிப்பவர் ஒப்பமிடல் வேண்டும். நொத்தாரிசு முன்னிலையிலாயின், அவரோடு இரு சாட்சிகளாவது ஒரே வேளையில் உடனிருத்தல் வேண்டும். நொத்தாரிசு இல்லாவிடின், ஐந்து சாட்சிகளாவது ஒரே வேளையில் கூடியிருந்து, எழுதுவிப்பவரின் கண்முன்னே தாமும் ஒப்பமிடுதல் வேண்டும். காணி விற்கும் உறுதி நொத்தாரிசின்றிச் செல்லாது என்று விதித்த அதே சட்டம், மரணப் படுக்கையில் கிடப்பவர்க்கு இவ்விரண்டாம் வழியைத் திறந்துவைத்தது.

இவ்விதியின் கடுமையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். முதியவர் ஒருவர் தம் கைப்படவே ஒரு தாளில் தம் விருப்பத்தைத் தெளிவாக எழுதி, ஒப்பமிட்டு, அயலவர் மூவரின் ஒப்பத்தையும் பெற்றுப் பெட்டகத்தில் வைக்கின்றார் எனக் கொள்வோம். எழுத்து அவருடையது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை, மூவரும் நேர்மையானவர். ஆயினும் அத்தாள் மரண சாதனம் ஆகாது. நொத்தாரிசும் இல்லை, ஐவரும் இல்லை. அவர் எவரைக் காப்பாற்ற எண்ணி எழுதினாரோ அவருக்கு அத்தாளால் பயனில்லை. சொத்து, எழுதாமல் இறந்தவரின் சொத்தாகவே பங்கிடப்படும்.

யாழ்ப்பாணத்தில் மரண சாதனத்தின் தேவையை மிகுவித்தது காலமாற்றமே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் பலர் மலாயா நாட்டுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் தொழில் புரிந்தனர். அவர்கள் அனுப்பிய பணம் காணியும் கல்வீடும் ஆயிற்று. முதுசத்தினும் தேடிய தேட்டம் பெருகிய குடும்பங்கள் பல. பழைய ஒழுங்கு இப்புதிய செல்வத்துக்கு முற்றும் பொருந்தவில்லை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டமும், 1947ஆம் ஆண்டில் அதற்குச் செய்த திருத்தமும் இதனை ஒழுங்குபடுத்த எழுந்தவை.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. 1844ஆம் ஆண்டின் சட்டம் ஒருவர்க்குத் தம்முடையதை எழுதிவைக்கும் உரிமையைக் கொடுத்ததேயன்றி, பிறர்க்குரியதை எழுதிவைக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. மனைவியின் சீதனம் கணவனின் சொத்தன்று. தேடிய தேட்டத்தில் மனைவிக்குள்ள உரிமையும் ஆராயத்தக்கது. பிறர்க்குரியதையும் சேர்த்து முழுவதும் தமதென்று கணவன் எழுதினால், அவ்வெழுத்து அவருடைய பங்கை மட்டுமே கட்டும். ஆதலால் எழுதுமுன் உறுதிகளை எடுத்து, எது முதுசம், எது சீதனம், எது தேட்டம் எனப் பிரித்தறிதல் முதற் கடன். 1707இல் எழுத்திலேறிய பாகுபாடு இன்றும் பயன்படும் இடம் இதுவே.

எழுதிவைப்பவரின் அதிகாரம் என்றென்றும் நீளாது என்பதையும் வரலாறு காட்டுகின்றது. காணியை விற்காமல் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்க வேண்டுமெனக் கட்டுப்படுத்தும் பிதெயிக்கொமிசம் என்னும் ஏற்பாடு ஒருகாலத்தில் மரண சாதனங்களில் இடம்பெற்றது. 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனை ஒழித்தது. மேலும், எழுதியவர் பின்னர் மணம் புரிந்தால், அதற்கு முன் எழுதிய சாதனம் பொதுவாக வலுவிழக்கும். மணமகனாகிய பின்னும் பழைய தாளை நம்பியிருப்பவர் புதிய மனைவிக்குத் தீங்கிழைத்தவராவார்.

எளிய மரண சாதனத்துக்கு நீண்ட வாசகம் வேண்டுவதில்லை. எழுதுவிப்பவர் இன்னாரென்பது, முன்னெழுதியவற்றை நீக்குவது, எப்பொருள் எவர்க்கு என்பது, அதனை நிறைவேற்றும் பொறுப்பாளர் யாரென்பது ஆகிய நான்கும் ஐயமின்றி இருந்தாற் போதும். காணியின் பெயரும் பரப்பும் எல்லையும் உறுதியில் உள்ளவாறே எழுதப்படல் நன்று. பயன்பெறுவோரைச் சாட்சியாக வைக்காதிருத்தல் விவேகம். சாதனம் இருக்குமிடம் நம்பிக்கையான ஒருவர்க்குத் தெரிந்திருத்தலும் வேண்டும். இறப்பின்பின் அது மாவட்ட நீதிமன்றத்தை அடைந்து அங்கு மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே பொறுப்பாளர் கருமமாற்றுவார்.

பழைய வழமை பிள்ளைகளின் பங்கைத் தானே காத்தது. தந்தை அதுபற்றிச் சிந்தியாதிருப்பினும் குறைவில்லை. இன்றைய சட்டமோ அச்சிந்தனையை அவரிடமே ஒப்படைத்துள்ளது. வழமை செய்த காவலை இனி எழுதுபவரின் நெஞ்சமே செய்தல் வேண்டும். ஆகவே உடல் நலமும் உள்ளத் தெளிவும் உள்ள நாளில், மனைவி மக்களின் நிலையை எண்ணி, நொத்தாரிசை அழைத்து எழுதிவைப்பவரே, முன்னோர் விட்ட பொருளை வழக்காக்காமல் வாழ்வாக்கிச் செல்பவராவார்.