வார்ப்பு உள்ளுறை (பனிச்சறுக்குக் காலணி)

வார்ப்பு உள்ளுறை என்பது, பனிச்சறுக்குக் காலணியின் கடினமான பிளாஸ்டிக் ஓட்டிற்குள் செருகப்பட்டு, அணிபவரின் பாதம், கணுக்கால், கீழ்க்கால் ஆகியவற்றின் வடிவத்திற்கு ஏற்ப வார்க்கப்படும் மென்மையான உறை ஆகும். வெப்பத்தால் இளகும் நுரை, காலணிக்குள் செலுத்தப்படும் திரவ நுரை, தக்கைத் துகள் கலவை ஆகியன இதற்குப் பயன்படும் முதன்மைப் பொருட்களாகும். காலை இறுக்கி நெரிக்காமலே அதனை அசையாது பிடித்து வைப்பதே இவ்வுறையின் முதன்மைப் பயன். ஆயினும் அளவு தவறிய காலணியை இது சரிசெய்யாது.

காலணியின் அமைப்பு

மலைச்சரிவுப் பனிச்சறுக்கில் பயன்படும் காலணி இரு பகுதிகளைக் கொண்டது. வெளிப்பகுதி பாலியூரித்தேன் போன்ற பிளாஸ்டிக்கால் ஆன ஓடு. இதில் பெரும்பாலும் நான்கு கொக்கிப் பூட்டுகளும், மேற்பகுதியில் ஒரு பட்டையும் இருக்கும். உட்பகுதி, தனியே கழற்றி எடுக்கக்கூடிய உள்ளுறை ஆகும்.

சறுக்குபவர் திரும்ப விரும்பும்போது சறுக்குப்பலகையை அதன் விளிம்பின் மீது சாய்க்கிறார். இவ்விசை கீழ்க்காலில் இருந்து உள்ளுறைக்கும், உள்ளுறையில் இருந்து ஓட்டிற்கும், ஓட்டில் இருந்து பிணைப்பி வழியாகப் பலகைக்கும் செல்கிறது. காலுக்கும் ஓட்டிற்கும் நடுவே வெற்றிடம் இருந்தால், கால் முதலில் அந்த இடைவெளியைக் கடந்த பின்னரே பலகை அசையத் தொடங்கும். எனவே உள்ளுறை ஒரு மெத்தை மட்டுமன்று. விசையைக் கடத்தும் உறுப்பும் ஆகும்.

வரலாறு

20 ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பனிச்சறுக்குக் காலணிகள் கயிறு கட்டும் தோல் காலணிகளாக இருந்தன. தோல், நாளடைவில் அணிபவரின் காலுக்கு ஏற்ப வளைந்து கொடுத்தது. ஆனால் ஈரத்தில் ஊறித் தளர்ந்து, காலைத் தாங்கும் வலிமையை இழந்தது. 1950களின் நடுப்பகுதியில் சுவிட்சர்லாந்தின் ஹென்கே நிறுவனம் கயிற்றுக்குப் பதிலாகக் கொக்கிப் பூட்டுகள் கொண்ட காலணிகளை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

1960களில் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பாப் லாங்கே பிளாஸ்டிக் ஓடு கொண்ட காலணியை உருவாக்கினார். அப்பத்தாண்டின் இறுதிக்குள் அது போட்டியாளர்களிடையே பரவியது. பிளாஸ்டிக் ஓடு பலகையின் மீதான கட்டுப்பாட்டை வெகுவாக உயர்த்தியது. ஆனால் தோலைப் போல அது காலுக்கு ஏற்ப வளையவில்லை. காலணியின் மேல்விளிம்பு முன்கால் எலும்பில் இடிப்பதால் ஏற்பட்ட வலிக்கு, சறுக்குபவர்கள் அந்நிறுவனத்தின் பெயரையே இட்டு 'லாங்கே பேங்' என்று வழங்கினர்.

தோலிடம் இருந்த இசைவை ஓட்டிற்குள் மீண்டும் கொண்டுவரும் முயற்சியாகவே வார்ப்பு உள்ளுறைகள் தோன்றின எனலாம். அழுத்தத்திற்கு ஏற்ப நகரும் பசை போன்ற நிரப்பிகளும், திரவ நுரை நிரப்பும் முறையும் முதலில் வந்தன. ஆசுத்திரியாவின் லெக் ஊரைச் சேர்ந்த ஸ்ட்ரோல்ஸ் நிறுவனம் நுரை நிரப்பிய காலணிகளுக்குப் பெயர் பெற்றது. 1990களில் வெப்பத்தால் வார்க்கப்படும் நுரை உள்ளுறைகள் பரவின. கனடாவின் வான்கூவர் நகரைச் சேர்ந்த இன்டியூசன் நிறுவனம் இவ்வகையில் நன்கறியப்பட்டது. காலணி வடிவமைப்பாளர் சுவென் கூமர் உருவாக்கிய சிப்ஃபிட் உள்ளுறைகள் தக்கைக் கலவையைப் பயன்படுத்துகின்றன.

பொருத்தக் குறைவும் அதன் விளைவுகளும்

மனிதப் பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. ஒரே நீளமுள்ள இரு பாதங்கள் கூட அகலத்திலும், வளைவின் உயரத்திலும், குதிகாலின் பருமனிலும் வேறுபடும். ஒருவரின் இடக்காலும் வலக்காலும் கூட முற்றிலும் ஒத்திருப்பதில்லை. தொழிற்சாலையில் செய்யப்படும் உள்ளுறையோ ஒரு பொதுவான பாதத்தை மனத்திற்கொண்டு அமைக்கப்படுகிறது. கணுக்காலின் இருபுற மேடுகள், உட்புறத்துப் படகெலும்பு, சிறுவிரலின் அடி எலும்பு, குதிகாலின் பின்புறம் ஆகிய துருத்திய இடங்களில் அது அழுத்துகிறது. கணுக்காலின் பின்புறக் குழிகள் போன்ற இடங்களில் வெற்றிடம் விடுகிறது.

இதற்கு மேலாக, சாதாரண உள்ளுறையின் நுரை பயன்பாட்டில் நசுங்கி மெலிந்துவிடும். கடையில் அணிந்து பார்த்தபோது இறுக்கமாக இருந்த காலணி சில வாரப் பயன்பாட்டிலேயே தளர்வது இதனால்தான். குதிகால் மேலெழும்பத் தொடங்கியதும், அணிபவர் பூட்டுகளை மேலும் இறுக்குகிறார். இறுக்கம் முதலில் புறங்காலின் மீதே விழுகிறது. விரல்களுக்குக் குருதி கொண்டு செல்லும் தமனிகளுள் ஒன்றும், நரம்புகளும் அவ்விடத்தில் தோலுக்கு அருகிலேயே செல்கின்றன. அவை அழுத்தப்படும்போது விரல்கள் மரத்து, குளிர்ந்து போகின்றன. கடுங்குளிரில் குருதியோட்டம் குறைந்த விரல்களுக்குப் பனிக்கடி ஏற்படும் வாய்ப்பு மிகுதி. மரத்துப்போன கால் இவ்வாபத்தை உணராது என்பது குறிப்பிடத்தக்கது.

வார்ப்பு முறைகள்

வெப்ப வார்ப்பு

இம்முறையில் எத்திலீன் வினைல் அசெட்டேட்டு நுரை பயன்படுகிறது. ஓட்டக் காலணிகளின் அடிப்பாகத்திலும் எளிய செருப்புகளிலும் காணப்படுவது இவ்வகை நுரையே ஆகும். உள்ளுறை ஏறத்தாழ 100 முதல் 120 பாகை செல்சியசு வரை, அடுப்பிலோ வெப்பக்காற்றுக் கருவியிலோ பத்து நிமிட அளவு சூடாக்கப்படுகிறது. விரல்கள் அசைய இடம் கிடைப்பதற்காகப் பாதத்தின் முன்பகுதியில் தடித்த தொப்பி போன்ற உறை மாட்டப்படுகிறது. பின்னர் அணிபவர் காலை நுழைத்துப் பூட்டுகளை இட்டு, நுரை ஆறும் வரை அசையாமல் நிற்க வேண்டும். வெப்பத்தில் விரிந்த நுரை, காலுக்கும் ஓட்டிற்கும் இடையில் அகப்பட்டு அவ்விரண்டின் வடிவத்தையும் ஏற்றுக்கொள்கிறது. இதனைச் சில தடவைகள் மீண்டும் சூடாக்கி வார்க்கலாம். அரிசி நிரப்பிய காலுறையை நுண்ணலை அடுப்பில் சூடாக்கி, உள்ளுறைக்குள் இட்டு வீட்டிலேயே வார்க்கும் வழக்கமும் உண்டு.

நுரை நிரப்பல்

இவ்வகை உள்ளுறையின் சுவர்களுக்குள் வெற்றுப் பைகள் அமைந்துள்ளன. அணிபவர் காலணியுடன் நிற்கும்போது, பாலியூரித்தேன் நுரையை உருவாக்கும் இரு திரவங்கள் கலக்கப்பட்டுக் குழாய் வழியாக அப்பைகளுக்குள் செலுத்தப்படுகின்றன. கலவை வெப்பத்தை வெளியிட்டு விரிந்து, சில நிமிடங்களில் இறுகிவிடும். மிக நெருக்கமான பொருத்தத்தைத் தருவதால், துல்லியமான கட்டுப்பாட்டை நாடுவோர் இதனை விரும்புகின்றனர். ஆனால் இறுகிய பின்னர் மறுமுறை வார்க்க இயலாது. வார்க்கும் நேரத்தில் கால் தவறான நிலையில் இருந்தால் அத்தவறு நிலைத்துவிடும்.

தக்கைக் கலவை

தக்கைத் துகள்களும் பிசுபிசுப்பான பொருளும் சேர்ந்த கலவை, கணுக்கால் பகுதியிலும் நாக்குப் பகுதியிலும் உள்ள பைகளில் நிரப்பப்பட்டிருக்கும். உடல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இக்கலவை நகர்ந்து வெற்றிடங்களை நிரப்புகிறது. முழுப்பொருத்தம் பெறச் சில நாட்கள் ஆகலாம். கலவையைப் பின்னரும் கூட்டவோ குறைக்கவோ முடியும் என்பது இதன் சிறப்பாகும்.

நன்மைகள்

குதிகால் பிடிப்பு: கணுக்காலின் பின்புறக் குழிகள் நிரப்பப்படுவதால் குதிகால் மேலெழும்புவது குறைகிறது. உராய்வால் வரும் கொப்புளங்களும் குறைகின்றன.

அழுத்தப் பரவல்: விசை ஒரு சில எலும்பு மேடுகளில் குவியாமல் காலின் பெரும்பரப்பில் பரவுகிறது.

குருதியோட்டம்: பூட்டுகளைத் தளர்வாக இட்டாலே போதிய பிடிப்புக் கிடைப்பதால் புறங்கால் நெரிபடுவதில்லை. விரல்கள் வெதுவெதுப்பாக இருப்பதற்கு நுரையின் தடிமனை விட இதுவே முக்கிய காரணமாகும்.

கட்டுப்பாடு: இடைவெளி குறைவதால் காலின் சிறு அசைவும் பலகையைத் தாமதமின்றிச் சென்றடைகிறது.

எடையும் ஈரமும்: வெப்ப வார்ப்பு நுரை மூடிய கண்ணறைகளைக் கொண்டது. எனவே நீரை எளிதில் உறிஞ்சாது, எடையும் குறைவு. மலையில் நடந்து ஏறிச் சறுக்குபவர்களுக்கு இது பெரும் பயனாகும்.

நீடித்த உழைப்பு: தரமான வார்ப்பு நுரை, சாதாரண உள்ளுறையைப் போல விரைவில் நசுங்குவதில்லை. பழைய காலணியின் ஓடு நல்ல நிலையில் இருந்தால், உள்ளுறையை மட்டும் மாற்றி அதனைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

எல்லைகள்

பெரிய ஓட்டின் வெற்றிடத்தைத் தடித்த உள்ளுறையால் நிரப்ப முயல்வது பொதுவான தவறாகும். தடித்த நுரை முதலில் இறுக்கமாகத் தோன்றினாலும், காலுக்கும் ஓட்டிற்கும் உள்ள தொலைவு குறைவதில்லை. விசை நுரையிலேயே வீணாகிறது. மிகக் குறுகிய ஓட்டையும் உள்ளுறையால் அகலமாக்க இயலாது. அதற்கு ஓட்டையே சூடாக்கி விரிக்கவோ, உட்புறமாகச் செதுக்கவோ வேண்டும்.

விழும்போது பலகையில் இருந்து காலணியை விடுவிப்பது பிணைப்பியின் வேலை. அதன் விடுவிப்பு அளவு உடல் எடை, உயரம், வயது, திறன், காலணி அடியின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு அமைக்கப்படுகிறது. வார்ப்பு உள்ளுறை இவற்றில் எதையும் மாற்றுவதில்லை. உயரமான கடின ஓடுகள் வந்த பின்னர் கணுக்கால் முறிவுகள் குறைந்தன. ஆயினும் முழங்கால் தசைநார்க் காயங்கள் இவ்விளையாட்டின் முக்கிய காயமாகத் தொடர்கின்றன. வசதியான உள்ளுறை முழங்காலைக் காக்கும் என்று கருதுவது சரியன்று.

வளரும் பிள்ளைகளின் பாத அளவு விரைவில் மாறிவிடுவதால், செலவு மிகுந்த வார்ப்பு உள்ளுறை அவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. நீரிழிவு போன்றவற்றால் காலில் உணர்வு குறைந்தவர்கள் அழுத்தத்தை உணர மாட்டார்கள். அவர்கள் மருத்துவரின் அறிவுரையைப் பெறுவது நல்லது.

பொருத்தும் வரிசை

முதலில் ஓடு. பனிச்சறுக்குக் காலணிகள் மொண்டோபாயிண்ட் முறையில், பாதத்தின் நீளத்தைக் கொண்டு அளவிடப்படுகின்றன. 26.5 என்பது 26.5 செ.மீ. நீளமுள்ள பாதத்தைக் குறிக்கும். பெரும்பாலான காலணிகளில் 26.0, 26.5 ஆகிய இரண்டிற்கும் ஓடு ஒன்றே. அளவைச் சரிபார்க்க, உள்ளுறையைக் கழற்றிவிட்டு, விரல்கள் முன்புறம் தொடும்படி காலை வெற்று ஓட்டினுள் வைக்க வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் சுமார் 15 முதல் 20 மி.மீ. இடைவெளி பொதுச் சறுக்கலுக்கு ஏற்றது. போட்டியாளர்கள் 10 மி.மீ. அளவையோ அதனினும் குறைந்ததையோ தேர்வர்.

இரண்டாவது உள்ளடி. உடலெடை விழும்போது பாதத்தின் வளைவு தாழ்ந்து, பாதம் நீளமும் அகலமும் பெறுகிறது. வளைவைத் தாங்கும் உள்ளடியை முதலில் அமைக்காவிட்டால், தாழ்ந்த நிலையிலேயே வார்ப்பு பதிந்துவிடும்.

மூன்றாவதாகவே உள்ளுறை வார்க்கப்பட வேண்டும். வார்க்கும்போது மெல்லிய காலுறை அணிவது வழக்கம். பின்னர்ச் சறுக்கும்போதும் அதே தடிமன் கொண்ட ஒற்றைக் காலுறையையே அணிய வேண்டும். குளிருக்கு அஞ்சி இரண்டு காலுறைகள் அணிந்தால், வார்ப்பு தந்த இடம் அடைபட்டு மீண்டும் குருதியோட்டம் தடைப்படும்.

பராமரிப்பு

ஒவ்வொரு நாளும் சறுக்கிய பின்னர் உள்ளுறையைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் உலர்த்த வேண்டும். வெப்பத்தால் வார்க்கப்பட்ட நுரை மீண்டும் வெப்பத்தால் உருமாறக் கூடியது. எனவே அடுப்பு, சூடேற்றி ஆகியவற்றின் அருகில் வைத்தல் கூடாது. காலணியைச் சேமித்து வைக்கும்போது பூட்டுகளை இலேசாக இட்டு வைத்தால் ஓடும் உள்ளுறையும் வடிவம் மாறாமல் இருக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

பனிச்சறுக்கு
பனிக்கடி
பாலியூரித்தேன்
கணுக்கால்