‘இது பஸ் இல்லை அங்கிள்’: விமானத்துக்குள் சத்தத்தின் வரலாறு

இரண்டு வருஷத்துக்கு முதல் அம்மம்மாவின் கண் ஒப்பரேசனுக்காகச் சென்னைக்குப் போனோம். போகும்போது பலாலியிலிருந்து, புரொப்பெல்லர் வைத்த சின்ன விமானம். எனக்குக் கம்பஸில் சோதினை இருந்ததால் திரும்பும்போது நான் மட்டும் தனியாகக் கொழும்புக்கு ஜெட் விமானத்தில் வந்தேன்.

பலாலி விமானத்தில் ஒரு கல்யாணவீட்டுக் கூட்டமே ஏறியிருந்தது. கூறை எடுக்கப் போகிறார்கள். மூன்று வரிசை தள்ளி இருந்தவரோடு கத்திக் கத்திக் கதைத்தார்கள், பலகாரப் பை கைமாறியது, யாரோ பாட்டும் போட்டார்கள். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. அவர்கள் கத்தியதில் பாதிதான் எங்களுக்குக் கேட்டது. மிச்சத்தைப் புரொப்பெல்லர் விழுங்கிவிட்டது.

கொழும்பு விமானத்தில் என் பக்கத்தில் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு ஐயா. விமானம் மேலே ஏறி நிதானமானதும் போனை எடுத்து, ஏதோ கோயில் திருவிழா வீடியோ ஒன்றைப் போட்டார். நாதஸ்வரமும் தவிலும் முழுச் சத்தத்தில். முதல் ஐந்து நிமிஷம் ‘சரி, முடியும்தானே’ என்று இருந்தேன். தனி ஆவர்த்தனம் தொடங்கியது. முன் இருக்கையில் இருந்த அக்கா ஒருவர் திரும்பி, மெல்லிய சிரிப்போடு சொன்னா: “இது பஸ் இல்லை அங்கிள்.” சுத்தியிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும்தான். ஐயா ஒண்டும் சொல்லாமல் போனை நிற்பாட்டிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

எனக்குத் தொந்தரவு நின்றது. ஆனால் அந்தச் சிரிப்பு உறுத்தியது. போகும்போது கல்யாணவீட்டுக்காரர் செய்ததைத்தான் அவரும் செய்தார். அங்கே அது கொண்டாட்டம், இங்கே நாகரிகம் இல்லாத வேலை. சோதினை முடிந்த கையோடு இதைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். விமானத்துக்குள் பக்கத்தில் இருப்பவரின் சத்தம் எப்போதிருந்து ஒரு பிரச்சினை?

ஆரம்பகாலப் பயணிகளிடம் இப்படிக் கேட்டிருந்தால் கேள்வியே விளங்கியிராது. 1920களின் பயணிகள் விமானத்தில் பக்கத்தில் இருப்பவர் என்ன சொன்னாலும் கேட்காது. ஃபோர்ட் ட்ரைமோட்டர் என்ற மூன்று இயந்திர விமானத்தில் ஏறுபவர்களுக்குக் காதில் அடைக்கப் பஞ்சு கொடுப்பார்கள், காது அடைப்பு எடுபடச் சுவிங்கமும் கொடுப்பார்கள். பணிப்பெண்கள் அறிவித்தல் சொல்ல மெகாபோன் பிடித்த காலமும் உண்டு. உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாகிய எலன் சேர்ச் 1930 மே 15 அன்று ஓக்லண்டிலிருந்து சிக்காகோவுக்குப் பறந்தார். 14 பயணிகள், வழியில் 13 தரிப்புகள், 20 மணித்தியாலம். அவர் பயிற்சி பெற்ற தாதி. ஆட்டமும் வாந்தியும் பயமும்தான் அன்றைய பயணியின் கவலைகள். பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து வாந்தியெடுக்கும் துணை, அவ்வளவுதான்.

1930களின் நடுப்பகுதியில் டக்ளஸ் நிறுவனம் தன் விமானங்களில் சுவர்களுக்குள் சத்தத்தை உறிஞ்சும் பொருட்களை வைத்து, இருக்கைகளை றப்பரில் பொருத்தியது. அந்த வரிசையில் வந்த டிசி-3 உலகம் முழுக்கப் பரவியது. எங்களுக்கும் அதோடு ஒரு சொந்தம் உண்டு. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் பயணம் இரத்மலானையில் தொடங்கி, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்குப் போனது. அந்த டிசி-3 இன் பெயர் ‘சீதா தேவி’. நான் பலாலியில் ஏறிய பாதை புதிதாக வந்த ஒன்றல்ல, எயார் சிலோனின் முதலாவது விமானப் பாதையின் ஒரு துண்டு. (இதை ஏன் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் சொல்லித்தரவில்லை என்பது வேறு கட்டுரை.)

1958 இல் பான் ஆம் நிறுவனம் போயிங் 707 ஐப் பறக்கவிட்டதோடு ஜெட் காலம் வந்தது. புரொப்பெல்லரின் அதிர்வு போனது. 1970 இல் 747 வந்தது, ஒரே கூண்டுக்குள் நூற்றுக்கணக்கானவர்கள். விமானம் அமைதியாக அமைதியாக, மனிதர்கள் கேட்கத் தொடங்கினார்கள். இதன் உச்சக்கட்டம் ஏ380. 2008 இல் எமிரேட்ஸ் அந்தப் பெரிய விமானத்தை ஓட்டத் தொடங்கிய சில மாதங்களில், விமானிகளே முறைப்பாடு செய்தார்கள். ஓய்வறையில் நித்திரை கொள்ள முடியவில்லையாம். இயந்திரச் சத்தம் குறைந்துபோனதால் குழந்தைகள் அழுவதும் கழிவறையில் தண்ணீர் இழுப்பதும் தெளிவாகக் கேட்கிறதாம்! பொறியியலாளர்கள் கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கிய அமைதியின் பலன் அது.

ஆக, ஐயாவின் தவில் பலாலி விமானத்தில் அடித்திருந்தால் தொந்தரவே இல்லை. அவர் விமானம் மாறி ஏறிவிட்டார்.

ஆனால் இதோடு விட்டால், ‘எல்லாம் தொழில்நுட்பத்தின் வேலை, ஒருவரிலும் பிழையில்லை’ என்று ஆகிவிடும். அப்படியும் இல்லை. ஒரு காலத்தில் பக்கத்து இருக்கைக்காரரின் சத்தத்தைவிட மோசமான தொந்தரவு ஒன்று விமானத்துக்குள் இருந்தது: அவருடைய சிகரெட். அதை எப்படி ஒழித்தார்கள் என்ற கதை எனக்கு முக்கியமாகப் பட்டது.

1970கள் வரைக்கும் விமானத்தில் சிகரெட் பற்றவைப்பது சாதாரணம். 1971 இல் யுனைடெட் நிறுவனம் புகைக்காதவர்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியது. 1973 இல் அமெரிக்க அரசு அதை எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்கியது. கேட்க நல்ல தீர்வுதான். ஆனால் புகைக்கு வரிசை எண் வாசிக்கத் தெரியாது. புகைப்பவர்களின் கடைசி வரிசைக்கு முன்னால் இருப்பவர் ‘புகையற்ற’ ரிக்கெற்றோடு அதே புகையைத்தான் உள்ளிழுத்தார். தொந்தரவு செய்பவரையும் படுபவரையும் பிரித்து இருத்தினால் போதும் என்ற எண்ணம், ஒரே காற்றைச் சுவாசிக்கும் கூண்டுக்குள் வேலை செய்யவில்லை.

இதை மாற்றியவர்களில் முன்னுக்கு நின்றவர்கள் விமானப் பணிப்பெண்கள். பயணிக்குச் சில மணித்தியாலம், அவர்களுக்கு வேலைக்காலம் முழுக்க அதே புகை. அமெரிக்கன் எயார்லைன்ஸில் 1960களில் வேலைக்குச் சேர்ந்த பட்டி யங் போன்றவர்கள் வருஷக்கணக்காகக் குரல் கொடுத்தார்கள். சங்கங்கள் கூடவே நின்றன. 1986 இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை உள்நாட்டு விமானங்களில் முழுத் தடையைப் பரிந்துரைத்தது. 1988 ஏப்ரலில் இரண்டு மணித்தியாலத்துக்கு உட்பட்ட பயணங்களில் தடை வந்தது, 1990 இல் அது ஏறத்தாழ எல்லா உள்நாட்டுப் பயணங்களுக்கும் விரிந்தது, 2000 இல் அமெரிக்காவுக்கு வந்துபோகும் எல்லா விமானங்களுக்கும். இதற்கிடையில் 1991 இல் பணிப்பெண்கள் சிகரெட் கம்பனிகளுக்கு எதிராக மயாமியில் கூட்டு வழக்குப் போட்டார்கள். 1997 இல் கம்பனிகள் 300 மில்லியன் டொலர் கொடுத்துச் சமரசத்துக்கு வந்தன. அந்தக் காசு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை உருவாக்கப் போனது. அடுத்த முறை விமானக் கழிவறைக் கதவைப் பாருங்கள், சாம்பல் தட்டு இன்னமும் இருக்கும். யாராவது விதியை மீறிப் பற்றவைத்தால் குப்பைத்தொட்டிக்குள் போட்டு நெருப்பு வைத்துவிடக் கூடாது என்பதற்காக.

இந்தக் கதையில் ஒருத்தரும் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்து ‘இது சாராயக்கடை இல்லை’ என்று நக்கலடித்து வெல்லவில்லை. விதி வந்தது. விதி எல்லாருக்கும் பொதுவாக இருந்தபடியால், சிகரெட்டை அணைக்கச் சொல்வது யாரையும் அவமானப்படுத்தவில்லை.

சத்தத்துக்கு அப்படி ஒரு பொது விதி வரவே இல்லை. 1963 இல் ரோக்கியோவில் கையெழுத்தான சர்வதேச உடன்படிக்கை, விமானத்துக்குள் பாதுகாப்பையும் ஒழுங்கையும் கெடுப்பவரைக் கட்டுப்படுத்தத் தலைமை விமானிக்கு அதிகாரம் தருகிறது. அது அடிதடிக்கும் குடிவெறிக்கும் உதவும். தவில் கச்சேரிக்காக ஒருத்தரும் விமானத்தைத் திருப்பமாட்டார்கள்.

விதிக்குக் கிட்டப் போனது போன் அழைப்பு விஷயம் மட்டும்தான். அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு 1991 இலேயே பறக்கும் விமானத்தில் கைத்தொலைபேசி பாவிப்பதைத் தடைசெய்தது. பயணிகளின் நிம்மதி அப்போது யாருக்கும் நினைவில் இல்லை, தரையிலுள்ள கோபுரங்களின் வலையமைப்பு குழம்பும் என்பதுதான் காரணம். 2008 மார்ச்சில் எமிரேட்ஸ், டுபாயிலிருந்து கசபிளாங்கா போன விமானத்தில் அழைப்புகளை அனுமதித்தது. 2013 இல் அமெரிக்க ஆணைக்குழுவும் தடையைத் தளர்த்தலாமா என்று யோசித்தபோது, பொதுமக்களும் பணியாளர் சங்கமும் எதிர்த்துக் கிளம்பினார்கள். 2020 இல் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். கோபுரத்துக்காகப் போட்ட தடை, பக்கத்து இருக்கைக்காரரின் வாய்க்குப் பூட்டாகத் தப்பிப் பிழைத்தது.

மற்றச் சத்தங்களுக்கு என்ன செய்தார்கள்? ஆளாளுக்கு ஒரு சாமான் விற்றார்கள்.

1978 இல் சூரிச்சிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு பேராசிரியர், விமானத்தில் கொடுத்த ஹெட்போனைப் போட்டுப் பார்த்தார். இயந்திர இரைச்சலில் இசை எடுபடவில்லை. இரைச்சலுக்கு எதிரான அலையை உண்டாக்கி இரைச்சலையே அழிக்க முடியுமா என்று அந்தப் பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினார். அவர் அமர் போஸ், பிரிட்டிஷ் ஆட்சிக்குத் தப்பி அமெரிக்கா போன வங்காள விடுதலைப் போராளி ஒருவரின் மகன். 1989 இல் அவருடைய கம்பனி விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்றது, 2000 இல் சாதாரணப் பயணிகளுக்கானதையும். வேடிக்கை என்னவென்றால், இந்தத் தொழில்நுட்பம் ஒரே சீராக வரும் தாழ்ந்த இரைச்சலைத்தான் நன்றாக அழிக்கும். ஏறி இறங்கும் மனிதக் குரலையும் குழந்தையின் அழுகையையும் அவ்வளவாக இல்லை. இயந்திரத்தை அழித்துவிட்டு மனிதரை மிச்சம் வைக்கும்.

அதே 1978 இல்தான் அமெரிக்காவில் விமானக் கட்டணங்களின் மீதான அரசுக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டமும் நிறைவேறியது. ரிக்கெற் விலை குறைந்தது, சாதாரணமானவர்களும் ஏறினார்கள், இருக்கைகளுக்கிடையிலான தூரம் சுருங்கியது. நெருக்கி இருத்திய பிறகு, விலகி இருப்பதற்கும் அமைதிக்கும் தனி விலை வந்தது. 2013 இல் ஏர் ஏசியா எக்ஸ், 12 வயதுக்குக் குறைந்தவர்களை அனுமதிக்காத ‘அமைதி வலயம்’ ஒன்றைத் தொடங்கியது. அதே வருஷம் சிங்கப்பூரின் ஸ்கூட்டும் தொடங்கியது, பிறகு 2016 இல் இன்டிகோ. 2019 இல் ஜப்பான் எயார்லைன்ஸ், குழந்தைகள் எந்த இருக்கையில் என்று முன்கூட்டியே காட்டும் வரைபடத்தையே பயணிகளுக்குக் கொடுத்தது. புகையற்ற பகுதியின் கதை நினைவிருக்கிறதா? அதே பிரிப்பு, இந்த முறை குழந்தையை வைத்து. சத்தத்துக்கும் வரிசை எண் வாசிக்கத் தெரியாது.

‘இது பஸ் இல்லை’ என்ற வசனம் எனக்கு இங்கேதான் விளங்கியது. எங்கட யாழ்ப்பாணம்–கொழும்பு இரவு பஸ்ஸில் விடியவிடியப் படம் போடுவார்கள், பாட்டுப் போடுவார்கள். ஒருத்தரும் சாரதியிடம் ‘இது விமானம் இல்லைத்தான், எண்டாலும் குறையுங்கோ’ என்று கேட்பதில்லை. பஸ்ஸில் போகிறவர்கள் சத்தத்தைச் சகிக்கப் பிறந்தவர்கள், விமானத்தில் போகிறவர்கள் அமைதிக்கு உரியவர்கள் என்று ஒரு கணக்கு எங்களுக்குள் ஓடுகிறது. ஐயாவின் தவில் உண்மையிலேயே தொந்தரவுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அக்கா ‘சத்தத்தைக் குறையுங்கோ’ என்று கேட்கவில்லை. நீங்கள் இந்த இடத்துக்குரிய ஆள் இல்லை என்று சொன்னா. நாங்கள் சிரித்தது அதற்குத்தான்.

அன்றைக்கு விமானம் இறங்குவதற்குக் கொஞ்சம் முதல், குடிவரவுக்குக் கொடுக்கிற காட்டை ஐயா என்னிடம் நீட்டினார். “பிள்ளை, இதை ஒருக்கா நிரப்பித் தாறீங்களோ? கண்ணாடி மேல பைக்குள்ள.”

நான் வாங்கி, எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். திரும்பவும் கேட்டேன். விளங்கவில்லை. மூன்றாவது தரம், பலாலி விமானத்தில் கல்யாணவீட்டுக்காரர் கத்தினமாதிரிக் கத்தினேன்: “ஐயா, எங்க தங்கப் போறீங்கள்?”

முன் இருக்கை அக்கா திரும்பி என்னைப் பார்த்தா.