பிறவாத பிள்ளைக்கு விடுதலை

1816 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12 ஆம் திகதி, இலங்கையின் கரையோரப் பகுதிகளில் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த எழுநூற்றுக்கு மேற்பட்டோரின் உறுதிமொழி நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் யாவரும் சுதந்திர மனிதராகவே கொள்ளப்படுவர் என்பதே அது. இங்கிலாந்து இளவரசரின் பிறந்த நாளை அதற்கெனத் தெரிந்தெடுத்திருந்தனர்.

இதற்காக உழைத்தவர் பிரதம நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன். உள்நாட்டு மக்களுக்கும் ஜூரிகளாய் அமரும் உரிமை 1811 இல் கிடைத்திருந்தது. நீதி வழங்கும் பெருமையைப் பெற்றவர்கள் மனிதரை விலைப்பொருளாய் வைத்திருப்பது தகுமோ என்ற கேள்வியை அவர் அவர்கள்முன் வைத்தார். அந்தக் கேள்வி பலித்தது. அவருடைய முயற்சியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயினும் அந்த உறுதிமொழியை ஒரு தாயின் பக்கத்தில் நின்று பார்ப்போம். மடியிலுள்ள குழந்தை சுதந்திரப் பிரஜை. அதற்குப் பாலூட்டும் தாயோ அடிமை! பிறவாத பிள்ளையை விடுவித்த எசமான், அன்று தன் வயலில் நின்ற ஒருவனைக்கூட இழக்கவில்லை. அவனுடைய மனச்சாட்சிக்கு அமைதி கிடைத்தது, சொத்துக்கும் சேதமில்லை.

கடல்களுக்கு அப்பாலும் இதே கணக்குத்தான். மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என 1776 இல் உலகறியப் பிரகடனம் வரைந்தவர் அமெரிக்கத் தலைவர் தோமஸ் ஜெபர்சன். அடிமைத்தனம் எசமானையும் கெடுக்கும் தீமை என்று எழுதியவரும், அடிமைகளை இறக்குமதி செய்வதைத் தடுக்கும் சட்டத்தில் 1807 இல் கையெழுத்திட்டவரும் அவரே. அவர் முன்வைத்த திட்டமும் இனிப் பிறப்போரை விடுவிப்பதாகவே இருந்தது. அவர்களையும் வேற்று நிலத்திற் குடியேற்ற வேண்டும் என்றார். தம் வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த அவர், உயிரோடிருக்கையில் இருவரையும் மரண சாசனத்தில் ஐவரையுமே விடுவித்தார். 1827 இல் அவருடைய கடனுக்காக ஏறக்குறைய 130 பேர் ஏலம் கூறப்பட்டனர்.

காலம் அப்படிப்பட்டது என்று சமாதானம் கூறுவோர் உளர். எட்வேர்ட் கோல்ஸ் என்ற இளைஞரும் அதே காலத்தவர்; அதே வேர்ஜீனியாவின் நிலவுடைமைக் குடும்பத்தவர். இத்தீமையை ஒழிக்கத் தலைமை தாங்குமாறு 1814 இல் அவர் ஜெபர்சனை வேண்டினார். அது இளைஞர் செய்யவேண்டிய பணி என்று முதியவர் விலகிக்கொண்டார். கோல்ஸோ 1819 இல் தம் அடிமைகளை விடுவித்து, குடும்பங்களுக்கு நிலமும் வழங்கினார். செய்ய மனமிருந்தவருக்குக் காலம் தடையாகவில்லை.

நம் நாட்டிலோ காலம் மேலும் கடத்தப்பட்டது. யாழ்ப்பாணத்தில், 1707 இல் ஒல்லாந்தர் சட்டமாக்கி 1806 இல் ஆங்கிலேயர் உறுதிப்படுத்திய தேசவழமை, அடிமைகளுக்கெனத் தனி விதிகளையே கொண்டிருந்தது. 1821 இல் அங்கு அடிமைச் சாதியினரின் பெண் குழந்தைகளுக்கு அரசு விடுதலையை விலைகொடுத்து வாங்கியது. பணம் சென்றது எசமானுக்கே, தாய்க்கு அன்று. 1833 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியபோது இலங்கை அதிலிருந்து விலக்கப்பட்டது. 1844 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே அடிமைத்தனத்தை முற்றாக ஒழித்தது. 1816 இல் சுதந்திரக் குழந்தையைப் பெற்ற தாய், உயிரோடிருந்தாளாயின், தன் விடுதலைக்கு மேலும் இருபத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்திருப்பாள்.

அது யாழ்ப்பாணத்துப் பழங்கதை என்று கிழக்கிலுள்ள நாம் ஒதுங்கிவிட முடியுமா? சாகாமக் குளத்து நீர் பாயும் வயல்வெளியில் அடிமைச் சந்தை இல்லை. ஆனால், நிலம் ஒருவரிடமும் உழைப்பு இன்னொருவரிடமும் இருக்கும் இடத்தில், போடியாரிடம் பட்ட முற்பணக் கடன் வயற்காரனை அடுத்த போகத்துக்கும் கட்டிவைக்கவல்லது. அடிமைத்தனமும் இதுவும் ஒன்றல்ல. எனினும், "உன் பிள்ளை படித்து முன்னேறட்டும்" என்று வாழ்த்திவிட்டுத் தகப்பனுக்குரிய கூலியைக் குறைக்கும் மனம், 1816 இல் கையெழுத்திட்ட அதே மனந்தான்.

பிலாலின் விடுதலைக்கு அபூபக்கர் விலைகொடுத்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் ஊர்கள் நம்முடையவை. அங்கே விடுவிக்கப்பட்டவர் பிறவாத சந்ததியல்லர். சுடுமணலில், கல்லின் கீழ்க் கிடந்த மனிதர். நீதி இன்று நம் முன்னே நிற்பவனுக்கே முதலில் உரியது. வருங்காலத்துக்கென ஒத்திவைக்கப்படும் நீதி, நிகழ்காலத்து எசமானுக்கு வழங்கப்படும் தவணையேயாகும்.