கட்டடத்துக்கும் வேண்டும் வெள்ளோட்டம்

புதுத் தேரைச் செய்து முடித்ததும் நேராகத் திருவிழாவுக்கு இழுத்துவிடுவதில்லை. முதலில் வெள்ளோட்டம் விடுவார்கள். அச்சு தாங்குகிறதா, முட்டுக்கட்டைக்கு நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் உற்சவர் ஏறுவார். கப்பலுக்கும் இதுவே முறை. கட்டடத்துக்கு மட்டும் இந்த வழக்கம் வெகுகாலம் வரவில்லை. சுவரும் கூரையுமாக இருந்தவரை அதற்குத் தேவையும் இல்லை. குளிரூட்டும் சில்லரும், காற்றைத் திருப்பும் டாம்பரும், வெப்பம் அளக்கும் சென்சாரும் உள்ளே வந்தபிறகு கட்டடமே ஓர் இயந்திரமாகிவிட்டது. ஒரு டாம்பர் பாதியில் சிக்கினால் ஒரே அறைக்குச் சூடும் குளிரும் சேர்ந்து போய்க்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, மின்கட்டணம் மட்டும் ஏறும். வரைபடத்தில் உள்ளபடி கட்டப்பட்டிருக்கிறதா என்பதே நகராட்சி ஆய்வாளரின் கேள்வி. நினைத்தபடி ஓடுகிறதா என்பது வேறு கேள்வி. கமிஷனிங் என்று பொறியாளர்கள் சொல்லும் வெள்ளோட்டம் அந்த இரண்டாம் கேள்விக்கானது. பசுமைச் சான்றிதழ் அந்தக் கேள்வியைக் கட்டடத்துக்குள் கொண்டுவந்தது. அதை விடாமல் கேட்க வைத்ததோ உள்ளூர்ச் சட்டம். நியூயார்க்கின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின், அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே, 1975இல் கட்டடங்களுக்கான ஆற்றல் தரத்தை வெளியிட்டது. வெள்ளோட்டத்துக்கான அதன் வழிகாட்டி வந்தது 1989இல்தான். அதுவும் வழிகாட்டிதானே தவிரக் கட்டாயமில்லை. செலவு பிடிக்கும் ஒன்றை விரும்பிச் செய்ய முன்வந்த உரிமையாளர்கள் குறைவு. 1993இல் தொடங்கிய அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றம், 2000இல் வெளியிட்ட லீட் என்னும் பசுமைச் சான்றிதழ் முறையின் இரண்டாம் பதிப்பில், வெள்ளோட்டம் பார்க்காத கட்டடத்துக்குச் சான்றிதழே கிடையாது என்று வைத்தது. பெரிய திருப்பம் இதுதான். சான்றிதழை விரும்பியவர்கள் வெள்ளோட்டத்துக்கும் பணம் கட்டினார்கள். அதையே தொழிலாகக் கொண்ட ஒரு வகுப்பு வளர்ந்தது.

ஆனால் அந்தச் சோதனை, கட்டடம் பிறக்கும்போது ஒரே ஒரு முறை நடப்பது. குளிர்காலத்தில் ஒப்படைக்கும் கட்டடத்தில் கோடையின் முழுச் சுமையை எப்படிச் சோதிப்பது? சான்றிதழில் ஆற்றல் சேமிப்புக்கான மதிப்பெண்ணோ, கணினி மாதிரி சொன்ன எதிர்பார்ப்பை வைத்தே தரப்பட்டது. 2008இல் நியூ பில்டிங்ஸ் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட ஆய்வு, சான்றிதழ் பெற்ற 121 கட்டடங்களின் மெய்யான ஆற்றல் செலவைப் பார்த்தது. சராசரியில் அவை மற்றக் கட்டடங்களைவிட நன்றாகவே இருந்தன. அந்தச் சராசரிக்குள்ளேயோ, ஏறத்தாழ நாலில் ஒரு கட்டடம், தன்னைப் போன்ற சாதாரணக் கட்டடத்தைவிட அதிகமாகச் செலவழித்தது. ஆய்வுக்கு அழைக்கப்பட்ட 552 கட்டடங்களில் முழு விவரம் தந்தவை இந்த 121 மட்டுமே. தராதவற்றின் நிலை இதைவிட மேலாக இருந்திருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

நியூயார்க்கும் முதலில் சான்றிதழைத்தான் நம்பியது. 2005ஆம் ஆண்டின் 86ஆம் உள்ளூர்ச் சட்டம், நகரப் பணத்தில் எழும் பெரிய கட்டடங்கள் பல லீட் வெள்ளித் தரத்தை எட்ட வேண்டும் என்றது. ஆனால் அந்நகரின் கரியமில வாயுவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கட்டடங்களிலிருந்தே வருகிறது; அவற்றில் பெரும்பாலானவை முன்பே கட்டி முடிக்கப்பட்டவை. எனவே 2009 டிசம்பரில் மேயர் ப்ளூம்பெர்க் காலத்தில் நான்கு சட்டங்கள் ஒன்றாக வந்தன. அவற்றில் 84ஆம் சட்டம், பெரிய கட்டடங்களின் ஆற்றல் செலவை ஆண்டுதோறும் கணக்குக் காட்டச் சொன்னது. 85ஆம் சட்டம், சிறு புதுப்பிப்பு என்று சொல்லி ஆற்றல் விதியிலிருந்து நழுவும் வழியை அடைத்தது. 87ஆம் சட்டம்தான் நம் கதைக்கு முக்கியம். 50,000 சதுர அடிக்கு மேற்பட்ட ஒவ்வொரு கட்டடமும் பத்தாண்டுக்கு ஒரு முறை ஆற்றல் தணிக்கையும் மறு வெள்ளோட்டமும் செய்ய வேண்டும். எந்த ஆண்டு யாருடைய முறை என்பதை வரிப்பதிவேட்டில் உள்ள மனைத்தொகுதி எண்ணின் கடைசி இலக்கம் தீர்மானிக்கும். மறு வெள்ளோட்டத்திலிருந்து விலக்குக் கேட்பவரிடம் சட்டம் எதிர்பார்ப்பது புதுக்கட்டடத்துக்கான லீட் சான்றிதழை அல்ல; இயங்கிவரும் கட்டடத்துக்கான சான்றிதழை, அதுவும் வெள்ளோட்டத்துக்குரிய மதிப்பெண்களோடு.

அப்படியானால் சான்றிதழே வீண்தானா என்று கேட்கலாம். இல்லை. தெரிந்து செய்ய ஆளில்லாத ஒரு சோதனையைச் சட்டம் கட்டாயமாக்க முடியாது. அந்த ஆட்களின் தொழிலை வளர்த்துத் தந்தது சான்றிதழ். இன்னொரு மறுப்பு வலுவானது: கட்டாயமானால் எல்லாம் காகிதச் சடங்காகிவிடும். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானதை நினைத்தால் இதில் உண்மை இருக்கிறது. ஊரெங்கும் குழிகள் தோண்டப்பட்டன, பல இடங்களில் நிலத்தடி நீரும் ஏறியது. தூர்வாராத குழிகளோ பின்னர் மண்ணடைந்து பயனற்றுப்போயின. அங்கே குறை கட்டாயப்படுத்தியதில் இல்லை. கட்டுவதை மட்டும் கட்டாயப்படுத்தியதில் இருந்தது. காகிதத்தில் அடங்காத ஒன்றைச் சட்டம் அளக்க வேண்டும். நியூயார்க்கின் 2019ஆம் ஆண்டுச் சட்டமான 97ஆம் எண் அதைத்தான் செய்கிறது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு 2024 முதல் உமிழ்வு வரம்பு உண்டு. மீறும் ஒவ்வொரு டன்னுக்கும் ஆண்டுக்கு 268 டாலர் வரை அபராதம். கணக்கில் வருவது அந்த ஆண்டு கட்டடம் உண்மையில் எரித்த ஆற்றல். சுவரில் எந்தப் பட்டயம் தொங்கினாலும் அந்தக் கணக்கு மாறாது.