பெரம்பலூரில் கடை, அரியலூரில் குடோன்: கிளைகளை பாதுகாப்பாக இணைக்க எந்த நெட்வொர்க் சரி? முழு விவரம்!

அரியலூரில் சிமெண்ட் குடோன், பெரம்பலூரில் ஹார்டுவேர் கடை, ஜெயங்கொண்டத்தில் ஒரு கிளை. மூன்று இடத்திலும் ஒரே ஸ்டாக், ஒரே கணக்கு தெரிய வேண்டும். இதற்கு பலர் செய்வது, கடை கம்ப்யூட்டரின் ரிமோட் டெஸ்க்டாப்பை நேரடியாக இன்டர்நெட்டில் திறந்து வைப்பது. "பில் ஓடுதுல்ல, போதும்" என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆபத்தே அங்குதான். பாஸ்வேர்டை கண்டுபிடித்து உள்ளே நுழைபவர்கள், மொத்த கணக்கையும் பூட்டிவிட்டு பணம் கேட்பார்கள். இதுதான் ரேன்சம்வேர்.

அரசு அலுவலகங்கள் எப்படி இணைகின்றன?

கலெக்டர் அலுவலகம், தாலுகா, ஒன்றிய அலுவலகங்களை இணைக்க, எல்காட் நிறுவனம் மூலம் 'டிஎன்ஸ்வான்' என்ற தனி நெட்வொர்க்கை தமிழ்நாடு அரசு வைத்திருக்கிறது. பொது இன்டர்நெட்டில் கலக்காத தனிப்பாதை என்பதே இதன் அடிப்படை. தனியார் தொழிலுக்கும் இதேபோன்ற வழிகள் உள்ளன.

என்னென்ன வழிகள்?

லீஸ்டு லைன்: இரண்டு இடங்களுக்கு நடுவே உங்களுக்கு மட்டுமான லைன். வேகம் குறையாது, ஆனால் வாடகை அதிகம்.

எம்பிஎல்எஸ் விபிஎன்: பிஎஸ்என்எல் உள்ளிட்ட நிறுவனங்கள் தருகின்றன. பல கிளைகளை ஒரே தனி நெட்வொர்க்காக இணைக்கும். மற்றவர்களின் டேட்டாவில் இருந்து உங்கள் டேட்டா பிரிந்து செல்லும். ஆனால் அது தானாக மறைகுறியாக்கம் ஆகாது. அதை தனியாக கேட்டு வாங்க வேண்டும்.

சைட்-டு-சைட் விபிஎன்: சாதாரண ஃபைபர் இணைப்பு மேலேயே, இரு பக்கமும் உள்ள ரவுட்டர்கள் பூட்டிய சுரங்கப்பாதை போடும். செலவு குறைவு.

எஸ்டி-வான்: ஃபைபர், 4ஜி என இரண்டு மூன்று லைன்களை சேர்த்து நிர்வகிக்கும். ஒன்று அறுந்தால் தானாக அடுத்ததற்கு மாறும்.

செல்போனில் போடும் இலவச விபிஎன் ஆப் வேறு, இது வேறு. அந்த ஆப் உங்கள் கிளைகளை இணைக்காது.

யாருக்கு எது?

இரண்டு, மூன்று கிளை உள்ள கடைகளுக்கு சைட்-டு-சைட் விபிஎன் பெரும்பாலும் போதும். கிளைகள் அதிகம், நெட் நின்றால் லோடு நிற்கும் என்ற நிலை இருந்தால் எஸ்டி-வான் பார்க்கலாம். ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாத ஆலைகளுக்கு லீஸ்டு லைன் அல்லது எம்பிஎல்எஸ்.

வாங்கும் முன் கேளுங்க

* ஒரு இடத்திலாவது ஸ்டேட்டிக் ஐபி கிடைக்குமா? பல வீட்டு பிளான்களில் இது இருக்காது.
* ஐபிசெக் அல்லது வயர்கார்டு முறையா? பழைய பிபிடிபி என்றால் வேண்டாம்.
* ஒவ்வொரு கிளைக்கும் உள் ஐபி வரிசை வேறாக இருக்கிறதா? ஒன்றாக இருந்தால் இணைப்பதில் சிக்கல் வரும்.
* அப்லோடு வேகம் எவ்வளவு? லைன் அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் சரி செய்வார்கள்? எழுத்தில் வாங்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, சைபர் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கம்ப்யூட்டர் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டு வைக்கும் விதி, பொதுமக்களுக்கு விபிஎன் சேவை தருபவர்கள் போன்றோருக்குத்தான். நிறுவனங்கள் உள்ளுக்குள் பயன்படுத்தும் விபிஎன்னுக்கு அது பொருந்தாது.

விபிஎன் போட்டால் மட்டும் போதுமா?

போதாது. 2021 மே மாதம் தாக்குதலில் முடங்கிய அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் ஹேக்கர்கள் நுழைந்தது, பயன்பாட்டில் இல்லாத பழைய விபிஎன் கணக்கு வழியாகத்தான். அதற்கு பாஸ்வேர்டு மட்டும் போதுமானதாக இருந்தது, ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. பல நாள் எரிபொருள் சப்ளை நின்றது.

எனவே, வேலையை விட்டுப் போன ஊழியரின் கணக்கை அன்றே மூடுங்கள். இரண்டாவது சரிபார்ப்பை கட்டாயமாக்குங்கள். சிசிடிவி, வாடிக்கையாளர் வைஃபை இரண்டையும் பில்லிங் நெட்வொர்க்கில் சேர்க்காதீர்கள். கிளைகள் இணைந்துவிட்டால், ஒரு கம்ப்யூட்டரில் வந்த வைரஸ் மற்ற ஊருக்கும் போகும். அதனால் நெட்டில் இணைக்காத ஹார்டு டிஸ்க்கில் தினமும் ஒரு பேக்கப் அவசியம். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழைக்கவும்.